மலிவான படுக்கையின் வரலாறு: ஐரோப்பிய இளைஞர் விடுதிகள் பற்றிச் சில குறிப்புகள்

வெளிநாடு போகிற நண்பர்களுக்கு நாம் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. 'ஓட்டல் பக்கம் போகாதே, யூத் ஹாஸ்டலில் தங்கு. காசு மிச்சம்.' யோசனை சரிதான். ஐரோப்பிய நகரங்களில் ஓட்டல் அறைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தால் போதும், ஆறு பேரோ எட்டுப் பேரோ படுக்கிற பொது அறையில் ஒரு கட்டில் கிடைத்துவிடும். ஆனால் இந்த யோசனையைச் சொல்கிறபோது 'மலிவு' என்பதைக் கத்தரிக்காய் விலை மாதிரி, தானாக ஏறி இறங்குகிற ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு படுக்கை ஏன் மலிவாக இருக்க வேண்டும்? யாருக்காக அதை மலிவாக்கினார்கள்? அந்த மலிவுக்குப் பதிலாகப் படுப்பவரிடம் என்ன கேட்டார்கள்? இந்த மூன்று கேள்விகளோடு இளைஞர் விடுதிகளின் நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், அது கல்வி, உழைப்பு, உடல், அரசு எல்லாம் பின்னிக் கிடக்கிற வரலாறாக இருக்கிறது.

முதலில் சொல் பற்றி ஒரு வார்த்தை. 'ஹாஸ்டல்' என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கல்லூரி மாணவர் விடுதி. 'சத்திரம்' என்று தமிழாக்கலாமா என்று யோசித்தேன், பொருந்தவில்லை. சத்திரத்துக்குப் பின்னால் ஒரு புண்ணியவான் இருப்பார். கொடுப்பவர் புண்ணியம் சேர்க்கிறார், தங்குபவர் நன்றியோடு போகிறார். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கும். இளைஞர் விடுதி தருமத்தில் பிறக்கவில்லை. தங்குபவர் சிறு தொகையாவது கட்ட வேண்டும், வேலையும் செய்ய வேண்டும் என்பது அதன் ஆரம்ப விதி. எனவே 'இளைஞர் விடுதி' என்றே எழுதுகிறேன்.

1

ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போனது. அங்கே கெல்சென்கிர்ஷென் என்ற சுரங்க நகரத்துக்கு 1901இல் ரிச்சர்ட் ஷிர்மான் என்கிற ஆசிரியர் வேலைக்கு வந்தார். 1874இல் கிழக்குப் பிரஷ்யக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கரிப்புகை படிந்த நகரத்துத் தொழிலாளர் பிள்ளைகள் ஒரு காட்டையோ ஆற்றையோ பார்க்காமலே வளர்வது அவரை உறுத்தியது. வகுப்பை நாலு சுவருக்கு வெளியே நடத்த ஆரம்பித்தார். 1903இல் லென்னே ஆற்றங்கரையில் இருக்கிற அல்டெனாவுக்கு மாற்றலாகி வந்தார். அது கம்பி இழுக்கும் பட்டறைகளின் ஊர். அங்கும் பிள்ளைகளை நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்.

1909 ஆகஸ்டு 26. பிள்ளைகளோடு பல நாள் நடைப்பயணத்தில் இருந்தார். ப்ரோல் பள்ளத்தாக்கில் மாலையில் புயல்மழை பிடித்துக்கொண்டது. ஒரு விவசாயி களஞ்சியத்தில் தங்க இடம் தர மறுத்துவிட்டார். கடைசியில் கோடை விடுமுறையால் காலியாகக் கிடந்த கிராமத்துப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அவர் தூங்கவில்லை. இடி இடித்துக்கொண்டிருந்த அந்த ராத்திரியில்தான் யோசனை பிறந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

யோசனை இவ்வளவுதான். விடுமுறையில் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் காலியாக இருக்கின்றன. ஒருநாள் நடை தூரத்துக்கு ஒன்றாக அவற்றைத் தங்குமிடம் ஆக்கினால் என்ன? இரண்டு வகுப்பறை போதும், பையன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பதினைந்து படுக்கைக்கு இடம் வரும். வைக்கோல் திணித்த மெத்தை, தலையணை, இரண்டு விரிப்பு, ஒரு போர்வை. தன் படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அந்தந்தப் பிள்ளையின் பொறுப்பு. 1910இல் இதைக் கட்டுரையாக எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். நன்கொடைகள் வந்தன. வில்ஹெல்ம் முங்கர் என்ற ஆலை முதலாளி கூடச் சேர்ந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். 1912இல் அல்டெனா கோட்டையில் நிரந்தரமான முதல் இளைஞர் விடுதி திறந்தது. அந்தப் பழைய அறைகளை இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது மலிவின் முகவரியை. ஷிர்மான் யோசித்தது 'தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான விடுதி' என்ற பெயரில்தான். அன்றைய ஜெர்மனியில் தொடக்கப்பள்ளி என்றால் 14 வயதோடு படிப்பு முடிந்து பட்டறைக்கும் சுரங்கத்துக்கும் வீட்டுவேலைக்கும் போகிற பிள்ளைகளின் பள்ளி. அவர்களுக்கு விடுமுறை உண்டு, அதைக் கழிக்க இடம் கிடையாது. மலிவான படுக்கை அங்கே ஒரு கோரிக்கையாகப் பிறந்தது. 'எங்கள் பிள்ளைகளும் இந்த நாட்டைப் பார்க்க வேண்டும்' என்கிற கோரிக்கை அது.

அதே சமயம் ஒரு முதலாளி ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் காட்ட வேண்டும், நகரசபைகள் ஏன் பணம் தர வேண்டும் என்றும் கேட்கத்தானே வேண்டும்? அந்தக் காலத்து ஐரோப்பாவில் தொழிலாளர் உடல் பற்றிய கவலை எல்லாத் தரப்புக்கும் இருந்தது. சோகை பிடித்த உடல் ஆலைக்கு ஆகாது, பட்டாளத்துக்கும் ஆகாது. நல்ல காற்றும் நடையும் பிள்ளைகளின் உரிமை என்று ஆசிரியர் சொன்னார், தேசத்தின் சேமிப்பு என்று அரசு கேட்டுக்கொண்டது. ஒரே வாக்கியம், இரண்டு காதுகள். இளைஞர் விடுதி இந்த இரட்டைப் பொருளிலேயே வளர்ந்தது என்பது என் வாசிப்பு.

2

அன்றைக்கு ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடை ஒரு இயக்கமாகவே இருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி நடக்கவில்லை.

1901இல் பெர்லின் பக்கத்து ஸ்டெக்லிட்சில் 'வாண்டர்ஃபோகல்' என்ற அமைப்பு பதிவானது. 'திரியும் பறவை' என்று பெயரைச் சொல்லலாம். உயர்நிலைப் பள்ளிப் பையன்கள், நடுத்தர வர்க்கம், கையில் கிதார், வாயில் நாட்டுப்பாடல். வீட்டுக் கட்டுப்பாட்டுக்கும் நகரத்துக்கும் எதிரான கலகம் மாதிரித் தெரியும். ஆனால் 1913இல் சிட்டாவ் நகரக் கிளை ஒரு மாணவியை யூதப் பெண் என்ற காரணத்துக்காகச் சேர்க்க மறுத்தது. நாட்டுப்பாடலைத் தேடிப் போன நடை 'யார் இந்த நாட்டவர்' என்ற கேள்விக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு முன்பே, 1895இல், வியன்னாவில் இன்னொன்று தொடங்கியிருந்தது. ஒரு ஆசிரியர், ஒரு கொல்லர், ஒரு சட்ட மாணவர் சேர்ந்து, தொழிலாளர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்த 'இயற்கை நண்பர்கள்' சங்கம். அந்த மாணவர் பின்னாளில் ஆஸ்திரியாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்த கார்ல் ரென்னர். மலையேற்றம் அப்போது வசதிபடைத்தோர் சங்கங்களின் கையில் இருந்தது. மலைக்குடில்களும் அவர்களுடையவை. இயற்கை நண்பர்கள் தங்கள் குடில்களைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில், கல்லும் மரமும் தோளில் சுமந்து. 1907இல் டிரோல் மலையில் முதல் வீடு வந்தது. 'மலை எல்லோருக்கும்' என்பதுதான் அவர்கள் முழக்கத்தின் சாரம்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாண்டர்ஃபோகல் பையனுக்கு வைக்கோல் போரில் படுப்பது ஒரு சாகசம், ஏனென்றால் வீட்டில் அவனுக்கு மெத்தை இருக்கிறது. இயற்கை நண்பர்களின் தொழிலாளிக்குப் படுக்கை அவனே கட்டிய வீட்டில் இருக்கிறது. ஷிர்மானின் பிள்ளைக்கோ படுக்கையை வேறு யாரோ ஏற்பாடு செய்து தருகிறார்கள். ஆசிரியர், நகரசபை, கொடையாளர் எல்லோரும் சேர்ந்து தருகிறார்கள். யாரோ தந்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளவும் முடியும். இந்த வித்தியாசம் முதலில் பெரிதாகத் தெரியவில்லை.

முதல் உலகப் போரில் ஷிர்மான் வோஜ் மலைப் போர்முனையில் இருந்தார். 1915 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்த ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தாங்களாகவே சுடுவதை நிறுத்திவிட்டு, ரொட்டியும் ஒயினும் மாற்றிக்கொண்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். எல்லா நாட்டு இளைஞர்களும் சந்திக்க இடம் வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பட்டது. 1919இல் ஜெர்மன் இளைஞர் விடுதிச் சங்கம் உருவானது. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மட்டும் 2,000க்கு மேல் விடுதிகள், ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல் இரவுத் தங்கல்கள். 1932 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டுச் சங்கங்கள் கூடி சர்வதேச அமைப்பைத் தொடங்கின. ஷிர்மான் தலைவரானார்.

3

விடுதிக்குள் என்ன நடந்தது? 'விடுதித் தந்தை', 'விடுதித் தாய்' என்று நிர்வாகிகளுக்குப் பெயர். ராத்திரி இத்தனை மணிக்கு விளக்கணைப்பு. பையன், பெண் தனித்தனிக் கூடம். மது, புகை கிடையாது. காலையில் போர்வையை மடி, தரையைப் பெருக்கு, பாத்திரம் கழுவு. பிரிட்டனில் உறுப்பினர் அட்டையை விடுதிக் காப்பாளர் வாங்கி வைத்துக்கொள்வார், கொடுத்த வேலையை முடித்தபிறகுதான் முத்திரை குத்தித் திரும்பத் தருவார்.

ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறை பற்றிய நூலைப் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். கால அட்டவணை, இடப் பங்கீடு, கண்காணிப்பு, பணிந்த உடல். பள்ளி, பட்டாளம், ஆலை, ஆஸ்பத்திரி என்ற வரிசையில் விடுதியையும் சேர்த்துவிட்டு முடித்துவிடலாம். நம் சிறுபத்திரிகைகளில் பலமுறை செய்த வேலைதான் இது. எனக்கு அதில் திருப்தி இல்லை. ஏனென்றால் பாத்திரம் கழுவுகிற அதே விதிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேலைக்காரர் இல்லாத இடம் அது. வக்கீல் மகனும் கம்பிப் பட்டறைத் தொழிலாளி மகளும் அங்கே ஒரே துடைப்பத்தைத்தான் பிடிக்க வேண்டும். மலிவு அங்கே தங்குபவரின் உழைப்பிலிருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரியாத இன்னொருத்தியின் உழைப்பிலிருந்து அல்ல. (விடுதித் தாயின் உழைப்பை யார் கணக்கில் சேர்த்தார்கள் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. 'தாய்' என்று பெயர் வைத்ததிலேயே அதற்கான பதில் ஒளிந்திருக்கிறது.) ஒழுங்கு யாருடையது என்பதை விதியை மட்டும் படித்துச் சொல்லிவிட முடியாது. விதியை யார் வைத்தார்கள், யார் மாற்ற முடியும் என்று பார்க்க வேண்டும்.

இதைப் பிரிட்டனிலும் பிரான்சிலும் பார்க்கலாம். இங்கிலாந்து-வேல்ஸ் இளைஞர் விடுதிச் சங்கம் 1930இல் தொடங்கியது. வரலாற்றாசிரியர் ஜி.எம். டிரெவெல்யன் தலைவர், குவேக்கர் மரபைச் சேர்ந்த ஜாக் கேட்ச்பூல் செயலாளர். இரவுக்கு ஒரு ஷில்லிங். வருமானம் குறைந்த இளைஞர்களுக்கே முன்னுரிமை என்று சங்கத்தின் நோக்கத்திலேயே எழுதினார்கள். நடந்தோ சைக்கிளிலோதான் வரவேண்டும், காரில் வருபவருக்கு இடமில்லை. இந்த விதி பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஆனால் படுக்கை கிடைத்துவிட்டால் போதுமா? விடுதியிலிருந்து காலையில் கிளம்பினால் நடக்க நிலம் வேண்டுமே! மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்குக் கண்ணெதிரே தெரிகிற கிண்டர் ஸ்கவுட் குன்று பிரபுக்களின் பறவை வேட்டை நிலமாக வேலியிட்டுக் கிடந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூட்டமாக அதில் நுழைந்தார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன், 20 வயது, கம்யூனிஸ்டு இளைஞர். ஐந்து பேருக்குச் சிறை. மரியாதையான நடைச் சங்கங்கள் பல இதைக் கண்டித்தன. விடுதிச் சங்கம் சட்டத்துக்கு உட்பட்டுப் படுக்கை கொடுத்தது, ராத்மனின் ஆட்கள் சட்டத்தை மீறிப் பாதை கேட்டார்கள். பாதை இல்லாத படுக்கை ஒரு சலுகைக்கு மேல் போகாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

பிரான்சில் கேள்வி நேரத்தைப் பற்றியதாக இருந்தது. அங்கே முதல் விடுதியை 1929இல் கத்தோலிக்க ஜனநாயகவாதி மார்க் சாங்னியே தொடங்கினார். 1933இல் மதச்சார்பற்றவர்கள், தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள் சேர்ந்து போட்டியாக இன்னொரு அமைப்பை உருவாக்கினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து பயணம் போவது, விடுதியைத் தங்குபவர்களே நடத்துவது இரண்டும் அங்கே பெரிய விவாதமாயின. 1936இல் ஆலைகளைத் தொழிலாளர்கள் ஆக்கிரமித்த வேலைநிறுத்த அலைக்குப் பிறகு, மக்கள் முன்னணி அரசு வாரம் 40 மணி நேர வேலையையும் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பையும் சட்டமாக்கியது. ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்ற லியோ லக்ராஞ்ச் குறைந்த கட்டண ரயில் சீட்டு கொண்டுவந்தார், விடுதிகளுக்கு ஆதரவு கொடுத்தார். தொழிலாளர் குடும்பங்கள் பல முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அந்தக் கோடையில்தான். லீவு இல்லாதவனுக்கு மலிவான படுக்கை எதற்கு? அந்த லீவு போராட்டத்தில் வாங்கியது.

4

இனி மறுபடி ஜெர்மனிக்கு வருவோம், 1933க்கு.

ஷிர்மானின் சங்கம் கட்சி சார்பற்றது என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள், சோஷலிசப் பிள்ளைகள், தேசியவாதப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கூரை. நல்ல விஷயம்தான். ஆனால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களுக்குள் விடுதி வலையமைப்பு முழுசாக ஹிட்லர் இளைஞர் அமைப்பின் கைக்குப் போனது. தயாராகக் கட்டி வைத்த 2,000 வீடுகள், லட்சக்கணக்கான பிள்ளைகள், நடை, பாட்டு, ஒழுங்கு. இயற்கை நண்பர்கள் சங்கத்தைத் தடை செய்து, அவர்கள் தோளில் சுமந்து கட்டிய வீடுகளைப் பறித்துக்கொண்டார்கள். ஒன்றைத் தடைசெய்ய வேண்டியிருந்தது, மற்றதை எடுத்துக்கொண்டால் போதுமாக இருந்தது. ஷிர்மானைச் சர்வதேசத் தலைவர் பொறுப்பிலிருந்து 1936இல் விலக வைத்தார்கள்.

இந்தக் கைமாற்றத்தின் முழு அர்த்தம் தெரிய வேண்டுமானால் சாக்சனியில் எல்பே ஆற்றுக்குச் சற்றுத் தள்ளிப் பாறைமேல் நிற்கிற ஹோன்ஸ்டைன் கோட்டைக்குப் போக வேண்டும். 1920களில் அது ஜெர்மனியின் பெரிய இளைஞர் விடுதிகளில் ஒன்று. அதை நடத்தியவர் கொன்ராட் ஹானெவால்ட், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 1933 மார்ச்சில் ஸ்வஸ்திகா கொடியை ஏற்றச் சொன்னபோது மறுத்துவிட்டார். கோட்டையைப் பழுப்புச் சட்டைப் படை பிடித்துக்கொண்டு வதைமுகாம் ஆக்கியது. அந்த முகாமின் முதல் கைதிகளில் ஒருவர் ஹானெவால்ட். தான் சாவி வைத்திருந்த வீட்டில் தானே கைதி. 1934 ஆகஸ்டு வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடைபட்டுச் சித்திரவதைப்பட்டார்கள். அதற்காகக் காவலர்கள் சிலருக்கு 1935இல் ஒரு நீதிமன்றம் தண்டனை கூடக் கொடுத்தது, ஹிட்லர் அவர்களை மன்னித்துவிட்டார். பிறகு கோட்டை மறுபடி விடுதி ஆனது, இந்தமுறை ஹிட்லர் இளைஞர்களுக்கு.

ரைன் ஆற்றங்கரையில் பாகராக் ஊருக்கு மேலே இருக்கும் ஸ்டாலெக் கோட்டை இன்னொன்று. இடிந்து கிடந்ததை 1920களில் இளைஞர் விடுதியாகவே எடுத்துக் கட்டினார்கள். 1942இல் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து லக்சம்பர்க்கில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் பள்ளி மாணவர்களும் கலந்துகொண்டார்கள். அவர்களில் சிலரைப் பிடித்து 'மறுபடி கற்பிக்க' அனுப்பிய இடம் இந்த விடுதிதான். இன்றும் அது இளைஞர் விடுதி. ரைன் பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் விரும்பித் தங்குகிற இடம்.

எனக்குத் தோன்றுவது இது. கூடத்தையும் அடுக்குக் கட்டிலையும் மணியையும் முகாமுக்காக யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் 'எனவே விடுதியும் முகாமும் ஒன்று' என்று சொல்வது அறிவுச் சோம்பேறித்தனம். இரண்டுக்கும் நடுவே ஹானெவால்ட் நிற்கிறார். கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் பூட்டுமா என்பதைக் கட்டிடம் முடிவு செய்யவில்லை. ஒரு கொடியை ஏற்ற ஒரு ஆள் மறுத்தார், மற்ற எத்தனையோ இடங்களில் ஏற்றினார்கள். அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு கட்சி, ஒரு சங்கம், ஒரு நம்பிக்கை இருந்தது. நடுநிலை அமைப்பு அந்த மறுப்பைப் பயிற்றுவிக்கவில்லை. படுக்கையை எப்படி மடிப்பது என்று சொல்லித் தந்த அளவுக்கு, எதற்கு மறுக்க வேண்டும் என்று அது யாருக்கும் சொல்லித் தரவில்லை.

5

போருக்குப் பின் கதை வேறு பக்கம் திரும்புகிறது. 1949இல் ஜெர்மன் சங்கம் மறுபடி உருவானது. நேற்றுச் சுட்டுக்கொண்டவர்களின் பிள்ளைகள் இன்று ஒரே அறையில் தூங்கட்டும் என்பது ஐரோப்பிய அரசுகளின் கொள்கை ஆனது. 1963இல் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் கூட வந்துவிட்டது. இது போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தலைமுறை உண்மையாகவே எல்லை தாண்டித் தோழமை கண்டது.

ஆனால் நடந்து வருகிற உள்ளூர்த் தொழிலாளியின் மகன் மெல்ல மறைந்து, ரயிலிலும் விமானத்திலும் வருகிற வெளிநாட்டுப் பயணி அந்த இடத்துக்கு வந்தார். 1957இல் ஆர்தர் ஃப்ராமர் ஒருநாளைக்கு 5 டாலரில் ஐரோப்பாவைப் பார்க்க வழிகாட்டும் புத்தகம் வெளியிட்டார். 1972இல் 21 வயது வரையிலான இளைஞர்களுக்கு இன்டர்ரயில் சீட்டு வந்தது. சிக்கனம் ஒரு கலாசாரம் ஆனது. பிரிட்டனில் கார் தடை 1970களில் தளர்ந்தது. வேலை செய்கிற விதியும் பல இடங்களில் மெல்லக் கழன்றது. இன்று மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒன்றுதான், போகும்போது விரிப்பை உருவிக் கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

பிறகு முதலீடு வந்தது. 1995இல் லண்டனில் தொடங்கிய 'ஜெனரேட்டர்' என்ற தனியார் விடுதிச் சங்கிலி 2017இல் ஏறத்தாழ 45 கோடி யூரோவுக்குக் கைமாறியது. எட்டுக் கட்டில் போட்ட அறை சதுர அடிக் கணக்கில் ஓட்டல் அறையை விட அதிக லாபம் தரும் என்பதை நிதி நிறுவனங்கள் கண்டுகொண்டன. கட்டிலின் விலை நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுகிறது. மறுபக்கம், ஷில்லிங் சங்கம் 2023இல் தன் விடுதிகளில் 20ஐ விற்பனைக்கு அறிவித்தது. மலிவு ஒரு கோரிக்கையாகப் பிறந்து, சலுகையாகி, இப்போது ஒரு சரக்கின் பெயராகியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக ஜெர்மனி போனபோது நானும் இப்படி ஒரு தனியார் விடுதியில் நாலு ராத்திரி தங்கினேன். அறையில் ஆறு கட்டில். ஸ்பெயினிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள், ஒரு கொரியப் பெண், கணினி வேலை தேடி வந்த ஒருவர். எனக்குக் கீழ்க் கட்டிலில் ஐம்பது வயதைத் தொட்ட ஒரு ருமேனியக் கட்டிடத் தொழிலாளி. விடியற்காலை ஐந்து மணிக்கு, யாரையும் எழுப்பிவிடாமல், இருட்டிலேயே பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவார். மூன்று மாதமாக அங்கேதான் இருக்கிறாராம். வாடகைக்கு வீடு கேட்டால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், வேலை கொடுப்பவரோ சீட்டு தருவதில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு துணிப்பை, அதுதான் வீடு. மாணவர்களுக்கு அந்தக் கட்டில் மிச்சம் பிடித்த காசு, எனக்கும் அப்படித்தான். அவருக்குச் சம்பளத்தில் பாதி அதற்கே போய்க்கொண்டிருந்தது. தொழிலாளியின் பிள்ளைக்காக யோசித்த படுக்கைக்குத் தொழிலாளி திரும்பி வந்துவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம், ஆனால் எந்த நிலையில்!

2015இல் பெர்லினில் நடந்ததையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த அகதிகளுக்கு முகாம்களில் இடம் இல்லை. நகர நிர்வாகம் அவர்கள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, 'ஹாஸ்டலில் காட்டித் தங்கிக்கொள்ளுங்கள், பணம் நாங்கள் கட்டுகிறோம்' என்றது. நிர்வாகம் பணம் தரத் தாமதம் செய்ததால் பல விடுதிகள் அந்தச் சீட்டை ஏற்க மறுத்தன. கையில் சீட்டோடு ஜனங்கள் கதவு கதவாக அலைந்தார்கள், பலர் பூங்காவில் படுத்தார்கள். அதே நகரத்தில் அன்றைக்குக் கடன் அட்டையோடு வந்த பயணிக்குக் கட்டில் இருந்தது. புயல்மழை ராத்திரியில் ஷிர்மானின் பிள்ளைகளுக்குக் கதவை மூடிய விவசாயியை நாம் குறை சொல்லலாம். அவர் குறைந்தபட்சம் ஒரு ஆள், முகம் உண்டு. இங்கே மறுத்தது யார் என்று கேட்டால் ஒரு கணக்குத் துறையைத்தான் காட்ட முடியும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எல்லோருக்கும் திறந்த படுக்கை என்று அதன் ஏட்டில் இருந்தாலும், நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தப் படுக்கை விசாவுக்குப் பிறகுதான் திறக்கிறது. ஷெங்கன் விசா கேட்டு மனுப் போடுகிறபோது எங்கே தங்கப் போகிறோம் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அங்கே விடுதிப் பதிவுத் தாள் எல்லைக் காவலின் ஓர் ஆவணம். 1932இல் ஆம்ஸ்டர்டாமில் கூடியவர்கள் எல்லைகளைக் கடக்க உதவும் என்று நினைத்த கட்டில், இன்று எல்லையில் காட்ட வேண்டிய தாளாகியிருக்கிறது.

இவ்வளவும் சொல்வது 'ஹாஸ்டலில் தங்காதே' என்பதற்காக இல்லை. தங்குங்கள், காசும் மிச்சம், நாலு மனிதர்களும் கிடைப்பார்கள். நான் சொல்ல வருவது அமைப்புகள் கட்டுகிற நம் நண்பர்களுக்கு. இரவுப் பாடசாலை, வாசகர் வட்டம், பயணக் குழு என்று எதைக் கட்டினாலும் மலிவாகவும் ஒழுங்காகவும் எல்லோருக்கும் பொதுவாகவும் கட்டத்தான் ஆசைப்படுகிறோம். 1909க்கும் 1933க்கும் இடையில் ஜெர்மனியில் அதை மிக நன்றாகவே செய்தார்கள். அப்படிக் கட்டிய வீட்டின் சாவி யார் கையில் இருக்கிறது, அந்த ஆளுக்கு மறுக்கத் தெரியுமா என்ற கேள்வியை மட்டும் அவர்களில் அநேகர் கேட்டுக்கொள்ளவில்லை. நாம் முதல் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.